பேரன் பேத்தி எடுத்த மீன்கள்

1991-ல் தொடங்கி 2010 வரை, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஓடும் ஹூட் ஆற்றில் ஏறிவந்த ஸ்டீல்ஹெட் மீன்களில் மனிதக் கை படாமல் மேலே போனது அநேகமாக ஒன்றுகூட இல்லை. ஆறு கொலம்பியா நதியில் கலக்கும் இடத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் மேலே பவர்டேல் என்றொரு அணை இருந்தது. அணையை ஒட்டி மீன்கள் படிப்படியாக ஏறிப்போக ஒரு மீன் ஏணி. அங்கேயே ஒரு பொறி. பொறிக்குள் வந்த மீனைப் பணியாளர்கள் தூக்கி நீளம் அளப்பார்கள். ஆணா பெண்ணா என்று பார்ப்பார்கள். முதுகின் பின்பக்கத்திலுள்ள சின்னத் துடுப்பு இருக்கிறதா, வெட்டப்பட்டிருக்கிறதா என்று கவனிப்பார்கள். விலாவிலிருந்து சில செதில்களைச் சுரண்டிக் காகித உறையில் போட்டுத் தேதி எழுதுவார்கள். அதன் பிறகுதான் மேல்தண்ணீருக்குப் போக அனுமதி.

செதில் எதற்கு? மரத்தை அறுத்தால் வளையம் தெரிவதுபோல மீன் செதிலிலும் வளையம் உண்டு. ஆற்றில் எத்தனை ஆண்டு இருந்தது, கடலில் எத்தனை ஆண்டு இருந்தது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். காய்ந்த செதிலில் ஒட்டியிருக்கும் துளித் தசையிலிருந்து டிஎன்ஏ பிரிக்க முடியும் என்று ஆனதும் அந்த உறைகளின் மதிப்பே வேறாகிவிட்டது. ஓர் ஆண்டு ஏறிய மீன்களின் செதில் கையில் இருக்கிறது. நான்கைந்து ஆண்டு கழித்து ஏறிய அவற்றின் பிள்ளைகளுடையதும் இருக்கிறது. அதற்கும் பின்னால் வந்த பேரப்பிள்ளைகளுடையதும் இருக்கிறது. யாருக்கு யார் பிள்ளை என்று பொருத்திப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. கயையில் பண்டாக்கள் ஏழு தலைமுறை வம்சாவளியை ஏட்டில் வைத்திருப்பார்கள் என்பார்களே, கிட்டத்தட்ட அப்படியொரு ஏடு, ஓர் ஆற்றின் மீன்களுக்கு. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் புளூவின் என்ற உயிரியலாளரின் ஆய்வுக்கூடம் அந்த ஏட்டைப் படிக்க உட்கார்ந்தது.

மீன்குஞ்சுப் பொரிப்பகங்களின் வரலாற்றில் இது புதுமாதிரிக் கணக்கு. அதுவரை எல்லா நாட்டிலும் எல்லாத் துறைகளும் எழுதிவந்த கணக்கு ஒன்றுதான்: இத்தனை லட்சம் குஞ்சு விட்டோம். கொஞ்சம் கண்டிப்பான துறை என்றால் இன்னொரு வரி சேரும்: இத்தனை மீன் திரும்பி வந்தது. விட்டதும் வந்ததும் சரி. வந்தது ஆற்றில் குடும்பம் நடத்தியதா, அதன் பிள்ளை பிழைத்ததா, பிள்ளைக்குப் பிள்ளை உண்டானதா என்று கேட்டவர் மிகக் குறைவு. கேட்க நினைத்தவர்களிடமும் வழி இல்லை. ஹூட் ஆற்றில் வழி இருந்தது.

ஒரே மீன், இரண்டு வாழ்க்கை

ஸ்டீல்ஹெட் என்பது வானவில் டிரவுட்தான். ஒரே இனம், அறிவியல் பெயரும் ஒன்றே, ஆன்கோரிங்கஸ் மைகிஸ். ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே வாழ்ந்து முடிப்பது வானவில் டிரவுட். கடலுக்குப் போய்ப் பெருத்து, எஃகுபோல மின்னிக்கொண்டு முட்டையிடத் திரும்புவது ஸ்டீல்ஹெட். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று ஊரோடு இருந்துவிடும், இன்னொன்று கடல் கடந்து சம்பாதித்துவிட்டு வரும். இந்தக் கதை நமக்குப் புதிதல்ல.

நீலகிரியின் அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் 1907-ல் பொரிப்பகம் வைத்து வளர்த்த டிரவுட்டும் இந்த இனமே. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் இருப்பதும் இதுவே. தூண்டில் போடும் துரைமார்களின் பொழுதுபோக்குக்காக வந்த மீன் அது. அங்கே அதற்குச் சொந்த ஊர் இல்லை, காப்பாற்ற வேண்டிய பூர்வீகக் குடும்பமும் இல்லை; குஞ்சு பொரித்துவிட்டால் வேலை முடிந்தது. பசிபிக் கரையோர ஆறுகளில் நிலைமை அப்படி இல்லை. அங்கே அது பல்லாயிரம் ஆண்டு பூர்வகுடி.

ஹூட் ஆறு பெரிய ஆறு அல்ல. சுமார் 3,400 மீட்டர் உயரமுள்ள ஹூட் மலையின் பனிப்பாறைகளில் பிறந்து, மூன்று கிளைகளாக இறங்கி, பேரிக்காய், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே வடக்கு நோக்கி ஓடி, கொலம்பியாவில் விழுந்துவிடும். ஏறத்தாழ 880 சதுர கிலோமீட்டர் படுகை. இதில் ஸ்டீல்ஹெட் இரண்டு பருவமாக வரும்: கோடை வரவு, குளிர்கால வரவு. பெண் மீன் கூழாங்கல் படுகையை வாலால் தோண்டிச் சில ஆயிரம் முட்டை இடும். பொரிந்த குஞ்சு இரண்டு, மூன்று ஆண்டு ஆற்றில் கிடந்து, விரல் நீளம் தாண்டி, வெள்ளி நிறம் ஏறியதும் கடலுக்குக் கிளம்பும். சால்மன் வகைகள் பலவும் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட்டில் சில மட்டும் மறுபடி கடலுக்கு இறங்கி, இன்னொரு முறை திரும்பி வருவதும் உண்டு.

அந்தச் சில ஆயிரம் முட்டையில், கூட்டம் குறையாமல் நிற்கப் பெற்றோருக்குப் பதிலாக இரண்டு மீன் திரும்பி வந்தால் போதும். மிச்சமெல்லாம் வெள்ளத்துக்கும் நாரைக்கும் பெரிய மீனுக்கும் போய்ச் சேரும். ‘இந்த வீணடிப்பை மட்டும் தடுத்துவிட்டால்!’ என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் பொரிப்பகம். முட்டையைப் பிதுக்கி எடு, வாளியில் விந்தோடு கலக்கு, தட்டில் வைத்துக் குளிர்ந்த தண்ணீர் ஓடவிடு, பொரிந்ததும் தொட்டியில் உருண்டைத் தீனி போடு. ஆற்றில் நூற்றில் ஒன்றிரண்டு பிழைக்கும் இடத்தில் பொரிப்பகத்தில் பெரும்பாலானவை பிழைக்கும். அதுவும் இரண்டு, மூன்று ஆண்டு காத்திருக்காமல் ஒரே ஆண்டில் தீனி போட்டுத் தேற்றிக் கடலுக்கு அனுப்பிவிடலாம். பார்த்த எவருக்கும் லாபம் என்றே படும்.

கொலம்பியாவில் இந்த லாபக் கணக்குக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. ஐரோப்பியர் வருவதற்கு முன் அந்த நதியில் ஆண்டுக்கு 1 கோடியிலிருந்து 1.6 கோடி சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் ஏறியிருக்கும் என்று பிற்காலத்தில் மதிப்பிட்டார்கள். டப்பா ஆலைகள் வந்தன, மரம் வெட்டினார்கள், பாசனத்துக்குத் தண்ணீரைத் திருப்பினார்கள், 1938-ல் பொன்னவில் அணை வந்தது, அதற்குப் பின் அணைமேல் அணை. 1942-ல் முடிந்த கிராண்ட் கூலி அணைக்கு மீன் ஏணியே வைக்கவில்லை. அதற்கு மேலே உள்ள ஆறு முழுவதும் கடல் மீனுக்கு ஒரேயடியாக மூடிப்போனது. ஒவ்வொரு முறையும் எதிர்ப்பு கிளம்பியபோது கிடைத்த பதில், ‘பொரிப்பகம் கட்டித் தருகிறோம்.’ நிலத்தை எடுத்துக்கொண்டு நஷ்ட ஈடு தருவதுபோல ஆற்றை எடுத்துக்கொண்டு குஞ்சு தந்தார்கள். 1980-ல் வந்த சட்டம் ஒன்று, அணை மின்சாரத்தை விற்கும் பொன்னவில் மின் நிர்வாகமே மீன்களுக்கான செலவை ஏற்க வேண்டும் என்றது. ஹூட் ஆற்றின் திட்டத்துக்கும் பணம் அங்கிருந்துதான் வந்தது. நடத்தியவர்கள் ஓரிகன் மாநில மீன்துறையும் வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடிக் கூட்டமைப்பும்.

அந்நியக் குஞ்சும் உள்ளூர்க் குஞ்சும்

ஹூட் ஆற்றில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு வகைக் குஞ்சுகள் விடப்பட்டன. முதல் வகை வேறு ஆறுகளின் வித்து. கோடை வரவுக்கு வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்கமேனியா பொரிப்பகத்திலிருந்து வந்த வம்சம். பல தலைமுறையாகப் பொரிப்பகத்துத் தொட்டியிலேயே பிறந்து, பிதுக்கப்பட்டு, மறுபடி தொட்டியிலேயே பிறந்த மீன்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பிராய்லர்.

1990-களின் தொடக்கத்தில் குளிர்கால வரவுக்கு இந்த வழக்கத்தை மாற்றினார்கள். அணைப் பொறியில் ஏறிவரும் உள்ளூர் ஆற்று மீன்களையே சினைமீனாக எடுத்து, அவற்றின் குஞ்சை ஓராண்டு மட்டும் வளர்த்து, அதே ஆற்றில் விடுவது. திரும்பி வரும்போது அவை ஆற்று மீன்களோடு கலந்து முட்டையிடலாம். வாரிசுகள் ஆற்றுக்கே சொந்தம். குஞ்சுகளின் சின்னத் துடுப்பை வெட்டிவிட்டதால் எது எங்கே பிறந்தது என்று பொறியில் பார்த்ததும் தெரிந்தது. பிராய்லருக்கு மாற்றாக நாட்டுக்கோழி முட்டையை அடைவைப்பது மாதிரி. கேட்பதற்கு இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. அமெரிக்காவின் வடமேற்கில் பல ஆறுகளில் அப்போது இதைத்தான் செய்யத் தொடங்கியிருந்தார்கள்.

புளூவின் குழுவில் ஹிடோஷி அராக்கி என்ற ஜப்பானிய ஆய்வாளரும் பெக்கி கூப்பரும் இருந்தார்கள். 2007-ல் வந்த அவர்களுடைய ஒரு கட்டுரை எல்லோருக்கும் நல்ல செய்தி சொன்னது. அந்நிய வித்து மீன்கள் ஆற்றில் முட்டையிட்டுப் பெற்ற வாரிசுகள், ஆற்று மீன்களின் வாரிசுகளை எண்ணிப் பார்க்கும்போது வெகுவாகக் குறைவு. அது எதிர்பார்த்ததே. 1977-லேயே டெஷ்யூட்ஸ் ஆற்றில் ரைசன்பிக்லரும் மெக்கின்டயரும் பொரிப்பகக் குஞ்சுக்கும் ஆற்றுக் குஞ்சுக்கும் பரம்பரையிலேயே வித்தியாசம் உண்டு என்று காட்டியிருந்தார்கள். ஆனால் புதிய வகை, அதாவது உள்ளூர்ப் பெற்றோரின் பொரிப்பகப் பிள்ளைகள், ஆற்று மீன்களுக்குச் சமமாக வாரிசு கொடுத்தன. வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு தலைமுறைக்காவது இந்த ஏற்பாடு கூட்டத்தைப் பெருக்குகிறது, உடனடியாகப் பெரிய நஷ்டம் தெரியவில்லை என்று எழுதினார்கள். நீண்ட கால விளைவை இன்னும் பார்க்கவில்லை என்ற எச்சரிக்கை கடைசி வரியில் இருந்தது. கடைசி வரியை யார் படிக்கிறார்கள்?

அதே ஆண்டு அக்டோபரில் அதே குழு ‘சயன்ஸ்’ இதழில் இன்னொரு கட்டுரை வெளியிட்டது. அங்கேதான் கதை திரும்பியது.

ஒரு தற்செயல்

பொரிப்பகத்தில் ஆற்று மீன்களை மட்டுமே சினைமீனாக வைக்கவில்லை. முந்தைய சுற்றில் பொரிப்பகத்தில் பிறந்து திரும்பிய மீன்களையும் ஆற்று மீனோடு சேர்த்துக் குஞ்சு எடுத்தார்கள். அதனால் தொட்டியில் இரண்டு வகைப் பிள்ளைகள். ஒன்று, தாய் தகப்பன் இருவரும் ஆற்றில் பிறந்தவை. இன்னொன்று, பெற்றோரில் ஒருவர் ஆற்றில் பிறந்தவர், மற்றவர் பொரிப்பகத்தில் பிறந்தவர்.

இதன் அழகைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பொரிப்பக மீன் ஆற்றில் சோபிக்கவில்லை என்றால் வழக்கமாக நூறு காரணம் சொல்லலாம்: தீனி சரியில்லை, தொட்டியில் நெரிசல், விட்ட இடம் தப்பு, விட்ட நேரம் தப்பு. எல்லாமே வளர்ப்பின் குறை. அடுத்த ஆண்டு தீனியை மாற்றிச் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை மிஞ்சும். ஆனால் இந்த இரண்டு வகைப் பிள்ளைகளும் ஒரே பொரிப்பகத்தில், ஒரே தண்ணீரில், ஒரே தீனியில் வளர்ந்து, ஒரே ஆற்றில் விடப்பட்டவை. வளர்ப்பில் துளி வித்தியாசம் கிடையாது. ஒன்றின் பரம்பரையில் பாதி, பொரிப்பகத்தை ஒரு தலைமுறை கூடுதலாகப் பார்த்திருக்கிறது. அவ்வளவுதான்.

கடலுக்குப் போய்த் திரும்பி ஆற்றில் முட்டையிட்டபோது, அந்த இரண்டாம் வகையின் வாரிசு எண்ணிக்கை முதல் வகையினுடையதில் பாதிக்குச் சற்று மேல். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து ஆய்வாளர்கள் சொன்ன எண்: பொரிப்பகத்தில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் வாரிசு கொடுக்கும் திறன் ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது. வெறும் வாய்ப்பாட்டுக் கணக்காகப் போட்டால் 100 என்பது 60, அப்புறம் 36, அப்புறம் 22. குற்றவாளி வளர்ப்பு என்றால் திருத்திவிடலாம். இங்கே மாறியிருப்பது மீனின் பரம்பரை.

ஒன்றிரண்டு தலைமுறையில் பரம்பரை மாறுமா என்று பலருக்குச் சந்தேகம். நாய் நாயானதற்கும் மாடு மாடானதற்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகவில்லையா? 2012-ல் மார்க் கிறிஸ்டியும் புளூவினும் மற்றவர்களும் வெளியிட்ட கட்டுரை அதற்குப் பதில் சொன்னது. பொரிப்பகத்தில் சினைமீனாக வைத்தபோது, ஒரு தலைமுறை தொட்டியில் பிறந்த மீன், ஆற்றில் பிறந்த மீனைவிட ஏறக்குறைய இரு மடங்கு வாரிசு கொடுத்தது. இரண்டுக்கும் ஒரே கவனிப்பு. அதைவிட முக்கியம், எந்தக் குடும்பம் தொட்டியில் பிரமாதமாகச் செழித்ததோ அதன் பிள்ளைகள் ஆற்றில் மோசமாகத் தோற்றன. தொட்டியின் முதல் மாணவன் ஆற்றின் கடைசி மாணவன்.

யோசித்தால் புரியாத விஷயமில்லை. தொட்டியில் மேலிருந்து விழும் நிழல் தீனி. ஆற்றில் மேலிருந்து விழும் நிழல் நாரை. நிழலைக் கண்டதும் மேலே பாயும் குஞ்சு தொட்டியில் கொழுக்கும். பதுங்கும் குஞ்சு பட்டினி கிடக்கும். நெரிசலைத் தாங்குவது, ஓராண்டில் வேகமாக வளர்ந்துவிடுவது, இதெல்லாம் தொட்டியில் பாஸ் மார்க். யாரும் வேண்டுமென்று தேர்ந்தெடுக்கவில்லை. தேர்வு தானாக நடக்கிறது, ஆயிரக்கணக்கான குஞ்சுகளில் எது கடலுக்குப் போகும் அளவு தேறுகிறது என்பதில். 2016-ல் அதே ஆய்வுக்கூடம் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. ஆற்று மீன்களின் குஞ்சுகளையும், ஒரே ஒரு தலைமுறை பொரிப்பகம் கண்ட மீன்களின் குஞ்சுகளையும் ஒரே சூழலில் வளர்த்து ஒப்பிட்டபோது 723 மரபணுக்கள் வேறுபட்ட அளவில் இயங்கின. காயம் ஆறுவது, நோய் எதிர்ப்பு, வளர்சிதை மாற்றம் சார்ந்தவை அவற்றில் நிறைய. நெருக்கமான தொட்டியில் உரசலும் காயமும் நோயும்தானே முதல் எதிரி!

பேரப்பிள்ளைகளிடம் வருவோம். திட்டத்தின் முழு நோக்கமே அவர்கள்தான். பொரிப்பக மீன்கள் ஆற்றில் முட்டையிட்டு, அந்த முட்டை ஆற்றிலேயே பொரிந்து, ஆற்றிலேயே வளர்ந்த தலைமுறை. துடுப்பு முழுசாக இருக்கும். அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் ஆற்று மீன்தான். அரசாங்கக் கணக்கிலும் ஆற்று மீன் என்றே ஏறும். 2009-ல் வந்த கட்டுரை இவற்றை எடுத்துக்கொண்டது. பெற்றோர் இருவரும் பொரிப்பகத்தில் பிறந்தவர்கள் என்றால், ஆற்றில் பிறந்த அந்தப் பிள்ளையின் வாரிசுத் திறன், ஆற்றுப் பெற்றோரின் பிள்ளையோடு ஒப்பிட்டால் 37 சதவீதம். ஒருவர் மட்டும் பொரிப்பகம் என்றால் 87 சதவீதம். ஒரு நாளும் தொட்டித் தண்ணீரைப் பார்க்காத மீன், தாய் பட்ட கடனை அடைத்துக்கொண்டிருக்கிறது.

எண்ணிக்கை கூடியதே, அது லாபம் இல்லையா? கூடியது உண்மை. 2012-ல் வந்த வேறொரு ஆய்வின்படி, இந்தத் திட்டத்தால் முட்டையிடும் இடங்களில் சேர்ந்த குளிர்கால மீன்கள் ஏறத்தாழ இரு மடங்காயின. அதே சமயம் கூட்டத்தின் பரம்பரை அகலம், நிபுணர்கள் ‘செயல்படும் கூட்டளவு’ என்று சொல்வது, கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. சில பத்துச் சினைமீன்களின் குஞ்சுகளைக் கூட்டமாகப் பிழைக்க வைத்தால் அடுத்த தலைமுறையில் பாதி ஊர் அண்ணன் தங்கையாக இருக்கும். கல்யாண மண்டபம் நிரம்பி வழிகிறது. விசாரித்தால் எல்லோரும் ஒரே வீட்டு ஆட்கள்.

மீன் இல்லாத வலைக்கு உரிமை

இத்தோடு பொரிப்பகங்களை மூடிவிடலாம் என்று முடித்துவிட்டால் எழுத்து சுலபமாகிவிடும். அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். மொன்டானா மாநிலம் 1974-லேயே, ஆற்று டிரவுட் வாழும் ஓடைகளில் குஞ்சு விடுவதை நிறுத்திவிட்டது. மேடிசன் ஆற்றில் டிக் வின்சென்ட் என்ற மீன் உயிரியலாளர் செய்த சோதனையில், குஞ்சு விடுவதை நிறுத்தியதும் ஆற்று டிரவுட் பெருகியது. தூண்டில்காரர்கள் முதலில் கொதித்தார்கள். இன்று அதே மொன்டானா ஆறுகளுக்கு உலகெங்கிலுமிருந்து தூண்டிலோடு வருகிறார்கள்.

ஆனால் மொன்டானாவில் ஆறு நல்ல நிலையில் இருந்தது. கொலம்பியாவில் ஆறே மாறிக்கிடக்கிறது. அங்கே 1855-ல் வார்ம் ஸ்பிரிங்ஸ் மக்களின் முன்னோர் அமெரிக்க அரசோடு உடன்படிக்கை செய்து பரந்த நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். கொலம்பியாவின் மிகப் பெரிய மீன்பிடித் தலமான செலைலோ அருவி 1957 மார்ச்சில், டால்ஸ் அணையின் மதகை மூடிய சில மணி நேரத்தில் தண்ணீருக்குள் போனது. காகிதத்தில் உரிமை அப்படியே இருக்கிறது. மீன் இல்லாத தண்ணீரில் வலை வீசும் உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அணை கட்டிய நாளில் பரம்பரையைப் பற்றிக் கவலைப்படாதவர்கள், பழங்குடியினர் பொரிப்பகம் கேட்கும் நாளில் பரம்பரை பேசுவதில் ஒரு குரூரம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

விஞ்ஞானமும் ஒரே குரலில் பேசவில்லை. ஐடஹோவில் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் நடத்தும் ஜான்சன் ஓடைத் திட்டத்தில், உள்ளூர் ஆற்று மீன்களை மட்டுமே சினைமீனாக வைத்து வளர்த்த சினூக் சால்மன் கூட்டம் பெருகியது. வாரிசுத் திறனில் கவலைப்படும்படியான சரிவு தெரியவில்லை என்று ஆய்வாளர்கள் 2012-ல் எழுதினார்கள். சினூக் வேறு, ஸ்டீல்ஹெட் வேறு. ஆற்றில் இரண்டு, மூன்று ஆண்டு எடுக்கும் வளர்ச்சியை ஓராண்டில் அமுக்குவதுதான் ஸ்டீல்ஹெட்டுக்கு அதிக வினையாக இருக்கலாம். ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு 1992-ல் ஒரே ஒரு சாக்கை சால்மன் திரும்பியது. ‘லோன்சம் லாரி’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. அந்தத் தனியாள் லாரியையும் அதற்கு முன்னும் பின்னும் வந்த சிலவற்றையும் வைத்துத்தான் அந்த வம்சத்தைத் தொட்டியில் காப்பாற்றினார்கள். வீடு பற்றி எரியும்போது வாளித் தண்ணீர் சுத்தமா என்று பார்ப்பதில்லை. ஆனால் தீ அணைந்து இருபது ஆண்டு ஆன பிறகும் தினமும் வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால்?

என் பார்வையில் ஹூட் ஆறு எழுப்பியது இந்தக் கேள்வியைத்தான். பொரிப்பகம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்கு அது தீர்ப்பு சொல்லவில்லை. அறுவடைக்கு மீன் வேண்டுமா, ஆற்றில் குடும்பம் நிலைக்க வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யச் சொல்கிறது. அறுவடைக்கு என்றால் பொரிப்பக மீன் போதும். துடுப்பு வெட்டிய மீனைப் பிடித்துச் சாப்பிடலாம், அது ஆற்று மீனோடு கலக்காமல் பார்த்துக்கொண்டால் சரி. அமெரிக்க நாடாளுமன்றம் 2000-ல் அமைத்த பொரிப்பக மறுஆய்வுக் குழு, முக்கியமான ஆற்று மீன் கூட்டங்கள் முட்டையிடும் இடத்தில் இப்படிப்பட்ட தனிவம்சப் பொரிப்பக மீன்கள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. குடும்பம் நிலைக்க என்றால் கணக்கை வேறு மாதிரி எழுத வேண்டும். ஒரே திட்டத்தின் தலையில் இரண்டு நோக்கத்தையும் வைத்து, விட்ட குஞ்சை எண்ணிக் காட்டி இரண்டும் நிறைவேறியதாக அறிக்கை எழுதுவதுதான் இத்தனை காலம் நடந்தது. ஸ்டீல்ஹெட்டுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை இது. நட்ட கன்றை எண்ணிக் காடு வளர்த்ததாகச் சொல்லும் அறிக்கைகளை நாமும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வரம்பு வைப்பது சுலபம், காப்பது யார்? முட்டையிடும் இடத்துக்கு எது போகலாம், எது போகக் கூடாது என்று பிரிக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு மீனையும் நிறுத்திப் பார்க்க ஓர் இடம் வேண்டும். ஹூட் ஆற்றில் அந்த இடம் பவர்டேல் அணை.

அணை போன பிறகு

பவர்டேல் 1923-ல் கட்டியது. பத்தடி உயரம், வெறும் 6 மெகாவாட் மின்சாரம். தண்ணீரைப் பெரிய குழாய்க்குள் திருப்பி, கீழே உள்ள மின் நிலையத்துக்கு அனுப்பும். அதனால் அணைக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் குறையும். மீன்களுக்கு அது நல்லதில்லை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. உரிமத்தைப் புதுப்பித்து மீன்களுக்கு வசதி செய்து கொடுக்கும் செலவைவிட இடித்துவிடுவதே மேல் என்று அதை வைத்திருந்த பசிபிகார்ப் நிறுவனமும் முடிவு செய்து, 2003-ல் எல்லாத் தரப்போடும் ஒப்பந்தம் போட்டது. 2006 நவம்பர் மழையில் மலையிலிருந்து சேறும் பாறையுமாக இறங்கிய வெள்ளம் குழாய்ப்பாதையை அடித்துக்கொண்டு போனது. மின் நிலையம் அதோடு நின்றது. 2010-ல் அணையை எடுத்தார்கள். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுக்குப் பின் ஹூட் ஆறு மலையிலிருந்து கொலம்பியா வரை தடையில்லாமல் ஓடியது.

அணையோடு பொறியும் போனது. மீனுக்கு ஆற்றைக் குறுக்கிய அதே சுவர்தான், பொரிப்பகம் மீனுக்கு என்ன செய்கிறது என்று உலகத்துக்குச் சொன்னது. அது இருந்தவரை அந்நிய வித்து மீன்களைப் பொறியிலேயே தடுத்து நிறுத்த முடிந்தது. ஒவ்வொரு தலைமுறையையும் ஏட்டில் ஏற்ற முடிந்தது. இடித்ததில் தவறு இருப்பதாக அந்த விஞ்ஞானிகள்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வம்சாவளி ஏடு அன்றோடு நின்றது.

இப்போது குளிர்காலம் முடியும் தறுவாயில், பனி உருகிக் கலங்கலாக இறங்கும் தண்ணீரில், பழைய அணை இருந்த வளைவைத் தாண்டி ஸ்டீல்ஹெட் மேலேறுகிறது. ஏணி இல்லை, பொறி இல்லை, செதில் சுரண்டும் கத்தி இல்லை. அது யார் வீட்டுப் பிள்ளை என்று நிறுத்திக் கேட்க அங்கே ஆளும் இல்லை.